கையில் ஈதர் இல்லாமல் டோக்கன் அனுப்புவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் கிரிப்டோ வாலட்டில் 50 யுஎஸ்டிசி (அமெரிக்க டாலர் மதிப்பை ஒட்டிய டோக்கன்) இருக்கிறது. அண்ணனின் வாலட்டுக்கு அனுப்பலாம் என்று பொத்தானைத் தட்டுகிறீர்கள். ‘கேஸ் கட்டணத்துக்கு ஈதர் போதவில்லை’ என்று வாலட் நின்றுவிடுகிறது. ஐம்பது டாலர் கண்ணெதிரே இருக்கிறது. சில காசு பெறுமான ஈதர், அதாவது எத்தீரியம் வலையமைப்பின் சொந்த நாணயம், இல்லாததால் அசைய மாட்டேன் என்கிறது. சிங்கப்பூரின் பேநவ் சேவையில் கைத்தொலைபேசி எண்ணைத் தட்டிச் சட்டென்று வெள்ளி அனுப்பிப் பழகியவர்களுக்கு இது விநோதமாகத்தான் படும். அனுப்புவது ஒரு நாணயம், அனுப்பக் கூலி கேட்பது இன்னொரு நாணயம். அந்த இரண்டாவதை எங்கே போய் வாங்குவது?

இந்த இடத்தில்தான் பலரும் ‘நமக்கு இது சரிப்படாது’ என்று விலகிவிடுகிறார்கள். அதனால் பயனரிடம் கட்டணமே கேட்காத செயலிகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. அவை எப்படி இயங்குகின்றன, நீங்கள் எப்படிச் செய்து பார்க்கலாம், எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கட்டணம் எங்கும் போய்விடுவதில்லை, வேறு யாரோ கட்டுகிறார்கள். உங்கள் பங்குக்கு மிஞ்சுவது கையெழுத்து ஒன்றுதான். ஆகவே கவனம் முழுவதும் அந்தக் கையெழுத்தின்மேல் இருக்கட்டும்.

கட்டணம் எங்கிருந்து வருகிறது

எத்தீரியத்தில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவு உண்டு. அதைத்தான் கேஸ் என்கிறார்கள். ஒரு வாலட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஈதரை அனுப்பினால் 21,000 கேஸ் செலவாகும். கேஸின் விலையை க்வெய் என்ற சிறு அலகில் சொல்வார்கள். நூறு கோடி க்வெய் சேர்ந்தால் ஒரு ஈதர். விலை 20 க்வெய் என்று வைத்துக்கொள்வோம். 21,000 பெருக்கல் 20, அதாவது 420,000 க்வெய், அதாவது 0.00042 ஈதர். ஓர் ஈதர் 4,000 வெள்ளிக்கு விற்கும் நாளில் இது 1 வெள்ளி 68 காசு. யுஎஸ்டிசி போன்ற டோக்கனை அனுப்ப இதைவிடக் கூடுதலாகும், ஏனென்றால் உள்ளே ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது எத்தீரியத்திலேயே பதிந்திருக்கும் நிரல், ஓட வேண்டும். கூட்டம் அதிகமான நேரத்தில் விலையும் ஏறும்.

இது எத்தீரியத்தின் முதன்மைச் சங்கிலிக் கணக்கு. சங்கிலி என்பது பரிவர்த்தனைகள் பதிவாகும் பிளாக்செயின் பேரேடு. அதன்மேல் இயங்கும் பேஸ், ஆர்பிட்ரம், ஆப்டிமிசம் போன்ற இரண்டாம் அடுக்கு வலையமைப்புகளில் நிலைமை வேறு. 2024 மார்ச்சில் நடந்த டென்கன் மேம்பாட்டுக்குப் பிறகு, அங்கே பல பரிவர்த்தனைகள் சில காசுக்கு இறங்கிவிட்டன. கட்டணமில்லாச் சேவைகள் பெருக இது ஒரு முக்கியக் காரணம் என்பேன். தன் பயனருக்காக ஓரிரு காசு கட்டுவது ஒரு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும்; தலைக்கு ஐந்து வெள்ளி கட்டச் சொன்னால் யார் முன்வருவார்கள்?

வேறொருவர் கட்டுவது எப்படி முடிகிறது

ஒரு பரிவர்த்தனைக்குள் இரண்டு வேலைகள் ஒட்டிக் கிடக்கின்றன. ‘இதைச் செய்ய எனக்குச் சம்மதம்’ என்று ரகசியச் சாவியால் கையெழுத்திடுவது ஒன்று. அதைச் சங்கிலியில் சேர்த்துக் கட்டணம் கட்டுவது மற்றொன்று. சாதாரண வாலட்டில் இரண்டையும் ஒரே கணக்கு செய்தாக வேண்டும். கட்டணமில்லா முறை இந்த இரண்டையும் பிரித்துவிடுகிறது. நீங்கள் கடிதத்தை எழுதிக் கையெழுத்திட்டு உறையை ஒட்டித் தருகிறீர்கள். இன்னொருவர் தன் செலவில் அஞ்சல்தலை ஒட்டிப் பெட்டியில் போடுகிறார். உள்ளே எழுதியதை அவரால் மாற்ற முடியாது. ஒரு எழுத்து மாறினாலும் கையெழுத்து பொருந்தாமல் போய், கான்ட்ராக்ட் அதை நிராகரித்துவிடும். ஆனால் அவர் தாமதிக்கலாம், போடாமலே இருந்துவிடலாம்.

அப்படி எடுத்துச் செல்பவருக்கு ரிலேயர் என்று பெயர். இதைச் செய்யப் பல வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எதிர்ப்பட்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

பழைய வழி, டோக்கனிலேயே வசதியை வைத்திருப்பது. யுஎஸ்டிசி கான்ட்ராக்டில் ‘பெர்மிட்’ என்ற ஒன்று இருக்கிறது. ‘இன்னார் என் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்’ என்று சங்கிலிக்கு வெளியே கையெழுத்திட்டுத் தருவது அது. இஐபி 3009 (இஐபி என்பது எத்தீரிய மேம்பாட்டு முன்மொழிவு) என்ற இன்னொரு முறையில் ‘இன்னாருக்கு இவ்வளவு அனுப்பு’ என்று நேராகவே கையெழுத்திடலாம். இரண்டிலும் அதைச் சங்கிலியில் சேர்ப்பவர் யாராகவும் இருக்கலாம், கட்டணமும் அவருடையது.

இப்போது பரவலாகியிருப்பது இஆர்சி 4337 என்ற எத்தீரியத் தரமுறை. இதற்கான ‘என்ட்ரிபாயின்ட்’ கான்ட்ராக்ட் 2023 மார்ச்சில் எத்தீரியத்தில் ஏறியது. இதில் உங்கள் வாலட்டே ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட். நீங்கள் கையெழுத்திடும் கோரிக்கையை பண்ட்லர் என்பவர் மற்றவர்களுடையதோடு சேர்த்துச் சங்கிலியில் ஏற்றுகிறார். பேமாஸ்டர் என்ற கான்ட்ராக்ட் முன்கூட்டியே போட்டுவைத்த ஈதரிலிருந்து அவருக்குக் கட்டணத்தைத் தீர்க்கிறது. பேமாஸ்டரை நடத்துவது பெரும்பாலும் நீங்கள் பயன்படுத்தும் செயலிதான். முழுக் கட்டணத்தையும் அதுவே ஏற்கலாம். அல்லது ஈதருக்குப் பதில் உங்கள் யுஎஸ்டிசியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது வகை இலவசம் ஆகாது. ஈதர் தேடும் அலைச்சல் மிச்சம், அவ்வளவுதான்.

2025 மே 7 அன்று வந்த பெக்ட்ரா மேம்பாடு இஐபி 7702-ஐச் சேர்த்தது. ஏற்கெனவே வைத்திருக்கும் சாதாரண வாலட்டும், முகவரி மாறாமலே, ஸ்மார்ட் வாலட் போல நடந்துகொள்ள இது வழி செய்கிறது. சொலானா என்ற வேறொரு சங்கிலியில் இந்தப் பாடெல்லாம் தேவைப்படவில்லை. கட்டணம் கட்டுபவர் வேறொருவராக இருக்கலாம் என்பது அதன் பரிவர்த்தனை அமைப்பிலேயே இருக்கிறது.

நம்மூரிலேயே பலர் கட்டணம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் எத்தீரியத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ ஓப்பன்சர்ட்ஸ் மின்சான்றிதழ் வாங்கியவர்களைச் சொல்கிறேன். 2019-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், ஒரு தொகுதிச் சான்றிதழ்கள் அனைத்துக்கும் சேர்த்து கைரேகைபோலத் தனித்துவமான ஒரே ஒரு எண்ணைக் கணக்கிட்டு, கல்வி நிலையம் அதை எத்தீரியத்தில் பதியும் விதமாக வடிவமைத்தார்கள். கட்டணம் நிலையத்தின் பொறுப்பு. மாணவருக்குச் செலவில்லை. சரிபார்க்கும் முதலாளிக்கும் செலவில்லை, ஏனென்றால் சங்கிலியைப் படிப்பதற்குக் கட்டணம் கிடையாது, எழுதத்தான் கட்டணம். ஆயிரம் பேருடைய வேலையை ஒரே பதிவில் அடக்குவதும் கட்டணத்தைத் தவிர்க்க நல்ல வழி என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் இல்லை.

செய்து பார்க்கலாம்

முதல் படி, சோதனை வலையமைப்பு. உண்மைப் பணத்தைத் தொடவே வேண்டாம். எத்தீரியத்துக்குச் செப்போலியா என்றும், பேஸுக்கு பேஸ் செப்போலியா என்றும் சோதனைச் சங்கிலிகள் இருக்கின்றன. யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்தின் ஃபாசெட் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் சோதனை யுஎஸ்டிசி இலவசமாக வரும். அதற்குச் சந்தை மதிப்பு கிடையாது. அதை விற்கிறேன் என்று யாராவது வந்தால் மோசடிதான்.

இரண்டாம் படி, புது வாலட். சேமிப்பு இருக்கும் வாலட்டில் பழகாதீர்கள். இப்போதைய ஸ்மார்ட் வாலட்டுகள் பலவற்றில் 12 சொல் மீட்புத் தொடருக்குப் பதில் பாஸ்கீ இருக்கிறது. சிங்பாஸில் நுழைவதுபோல விரல்ரேகையோ முகமோ காட்டினால் போதும். வசதிதான். ஆனால் கைத்தொலைபேசி தொலைந்தால் மீட்பது எப்படி என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பாஸ்கீ உங்கள் ஆப்பிள் அல்லது கூகிள் கணக்கோடு ஒத்திசைந்திருக்கிறதா, இரண்டாவது கருவியைச் சேர்க்க முடியுமா என்று தெரிந்த பிறகே பணம் போடுங்கள். இன்னொன்று: ஸ்மார்ட் வாலட் ஒரு கான்ட்ராக்ட் என்பதால், பேஸில் உங்களுக்குச் சொந்தமான முகவரி வேறொரு சங்கிலியில் தானாகவே உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எந்தச் சங்கிலியில் வாங்குகிறீர்களோ அதையே அனுப்புபவரிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் படி, சிறு தொகையை இன்னொரு முகவரிக்கு அனுப்புவது. உறுதிசெய்யும் திரையில் கட்டணம் எப்படிக் காட்டப்படுகிறது என்று பாருங்கள். பூஜ்யம் என்று இருக்கிறதா, செயலி ஏற்கிறது என்று இருக்கிறதா, யுஎஸ்டிசியில் கழிக்கப்படும் என்று இருக்கிறதா? மூன்றும் வெவ்வேறு.

நான்காம் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். அனுப்பி முடித்ததும் அந்தப் பரிவர்த்தனையை, சங்கிலிப் பதிவுகளைக் காட்டும் தளங்களான எத்தர்ஸ்கேனிலோ பேஸ்ஸ்கேனிலோ திறங்கள். இஆர்சி 4337 வழியாகப் போயிருந்தால், அனுப்புநர் என்ற வரியில் உங்கள் முகவரி இருக்காது. முன்பின் தெரியாத ஒரு முகவரி இருக்கும். பயந்துவிட வேண்டாம், அதுதான் பண்ட்லர். பெறுநர் வரியில் என்ட்ரிபாயின்ட் கான்ட்ராக்ட் இருக்கும். சற்றுக் கீழே, டோக்கன் நகர்வு என்ற பகுதியில்தான் உங்கள் முகவரியிலிருந்து அண்ணன் முகவரிக்குப் போன தொகை தெரியும். அதற்கும் கீழே கட்டணம் என்ற வரி. அங்கே பூஜ்யம் இருக்காது. அந்தத் தொகையைக் கட்டியவர் நீங்கள் இல்லை என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மொத்த விஷயமும் தெளிந்துவிடும்.

கையெழுத்துத் திரையைப் படிப்பது

பழைய முறையில், கட்டணம் கேட்கும் திரை ஓர் எச்சரிக்கை மணியாகவும் இருந்தது. காசு கேட்கிறதே என்று கை ஒரு நொடி தயங்கும். கட்டணம் போனதும் அந்தத் தயக்கமும் போய்விட்டது. மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ‘உள்நுழையக் கையெழுத்திடுங்கள், கட்டணம் ஒன்றும் இல்லை’ என்று சொல்லி பெர்மிட் கையெழுத்தை வாங்கிவிடுவார்கள். பிறகு கட்டணத்தைத் தாங்களே கட்டி வாலட்டைத் துடைத்தெடுப்பார்கள். ‘கட்டணமில்லை’ என்றால் ‘ஆபத்தில்லை’ என்று எடுத்துக்கொள்வதைப் போன்ற பெரிய தவறு இந்தத் துறையில் வேறில்லை.

பெர்மிட் திரை திறந்தால் ஐந்தாறு வரிகள் தெரியும். ஓனர் என்ற இடத்தில் உங்கள் முகவரி. ஸ்பெண்டர் என்ற இடத்தில் உங்கள் டோக்கனை எடுக்க அனுமதி பெறுபவர். வேல்யூ என்பது எவ்வளவு. நான்ஸ் ஒரு வரிசை எண். அதே கையெழுத்தை இரண்டாம் முறை பயன்படுத்த முடியாமல் அது தடுக்கிறது. டெட்லைன் என்பது எதுவரை செல்லும். இவற்றோடு, எந்தச் சங்கிலி, எந்த டோக்கன் கான்ட்ராக்ட் என்பதும் இருக்கும்.

வேல்யூவைப் பார்க்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். யுஎஸ்டிசிக்கு ஆறு தசம இடங்கள். சில வாலட்டுகள் அதைக் கணக்கிட்டு 50 என்று காட்டும். காட்டாத வாலட்டில் 50 யுஎஸ்டிசி என்பது 50000000 என்று தெரியும். கடைசி ஆறு இலக்கங்களை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் தொகை வந்துவிடும். 1157920892 என்று தொடங்கி 78 இலக்கங்களுக்கு நீளும் எண்ணைப் பார்த்தால், அது எல்லையே இல்லாத அனுமதி. இப்போது இருப்பதையும் இனி வரப்போவதையும் எடுத்துக்கொள் என்று பொருள். டெட்லைன் 17 என்று தொடங்கும் பத்து இலக்க எண்ணாக வரலாம். 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிகள் அவை. இணையத்தில் யூனிக்ஸ் நேர மாற்றி என்று தேடிப் போட்டால் தேதி தெரியும். இன்றைக்கு அரை மணி நேரம் என்றால் நியாயம். பல ஆண்டு தள்ளி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

உள்நுழைவுக்கு மட்டும் கேட்கப்படும் கையெழுத்தில் தளத்தின் பெயரும் நேரமும் ஒரு வாசகமும் இருக்கும். ஸ்பெண்டர், வேல்யூ என்ற வரிகள் அதில் வரவே கூடாது. வந்தால் மூடிவிடுங்கள்.

இஐபி 7702 அனுமதி இதைவிடக் கனமானது. உங்கள் கணக்கு எந்த நிரலின்படி நடக்க வேண்டும் என்பதையே அது மாற்றுகிறது. ஸ்மார்ட் கணக்காக மாற்றும் வேலையை உங்கள் வாலட்டின் சொந்த அமைப்புப் பக்கத்திலிருந்து செய்யுங்கள். ஏதோ ஒரு தளம் குறுக்கே வந்து கேட்டால் மறுத்துவிடுங்கள்.

யார் கட்டுகிறார், ஏன்

இலவசம் என்று காட்டும் செயலி எதற்காகக் கட்டுகிறது? சில நிறுவனங்களுக்கு இது விளம்பரச் செலவு. புதிதாக வருபவர் முதல் நாளே முட்டிக்கொண்டு திரும்பக் கூடாது என்பதற்காகக் கொடுக்கிறார்கள். டோக்கன் மாற்றும் யுனிஸ்வாப்எக்ஸ், கவ்ஸ்வாப் போன்றவற்றில் நீங்கள் ஓர் ஆணையில் கையெழுத்திடுகிறீர்கள். அதை நிறைவேற்றுபவர் கட்டணத்தைக் கட்டி, தான் தரும் விலையில் அதை ஈடுகட்டிக்கொள்கிறார். அங்கே கட்டணத்தைப் பார்த்துப் பயனில்லை. கடைசியில் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதை மற்ற இரண்டு இடங்களோடு ஒப்பிடுங்கள்.

ஏற்பவர் எல்லை வைப்பதும் வழக்கம். ஒருவருக்கு நாளைக்கு இத்தனை முறை, இந்தக் கான்ட்ராக்டுக்கு மட்டும், இந்த டோக்கனுக்கு மட்டும் என்று பேமாஸ்டரில் விதிகள் இருக்கும். போட்டுவைத்த ஈதர் தீர்ந்துவிட்டாலும், நிறுவனம் திட்டத்தை நிறுத்திவிட்டாலும், நேற்றுவரை இலவசமாகப் போனது இன்று போகாது. பணம் தொலையாது, நகரத்தான் நகராது. அதனால் வாலட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே, ஏற்பவர் இல்லாவிட்டால் நானே கட்டணம் கட்டி அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் பெரிய தொகையை அதில் வைக்காதீர்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு

சோதனை முடிந்து உண்மைப் பணத்துக்கு வரும்போது, எங்கே வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கட்டணச் சேவைச் சட்டம் 2020 ஜனவரி 28 முதல் நடப்பில் இருக்கிறது. மின்னிலக்கக் கட்டண டோக்கன் சேவை தருபவர்கள் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற வேண்டும். ஆணையத்தின் இணையத்தளத்தில் நிதி நிறுவனங்களின் பட்டியலும், முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கின்றன. இரண்டிலும் பெயரைத் தட்டிப் பாருங்கள். உரிமம் இருப்பதால் உங்கள் டோக்கனுக்கு வங்கி வைப்புத்தொகைக் காப்புறுதி போன்ற பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அமெரிக்க டாலர் வேண்டாம், வெள்ளிக் கணக்கிலேயே இருக்கட்டும் என்பவர்களுக்கு எக்ஸ்எஸ்ஜிடி என்ற நிலைநாணயம் 2020 முதல் இருக்கிறது, ஸ்ட்ரெய்ட்ஸ்எக்ஸ் வெளியிடுவது. ஆனால் ஒரு செயலி யுஎஸ்டிசிக்குக் கட்டணம் ஏற்பதால் எக்ஸ்எஸ்ஜிடிக்கும் ஏற்கும் என்று சொல்ல முடியாது. முதலில் ஒரு வெள்ளி அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பரிமாற்றத் தளங்கள் எடுக்கும் பணமெடுப்புக் கட்டணத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தளத்திலிருந்து உங்கள் வாலட்டுக்கு எடுக்கும்போது அவர்கள் வைத்திருக்கும் விலை அது. பேமாஸ்டர் அதில் ஒன்றும் செய்ய முடியாது. எந்தச் சங்கிலி வழியாக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். இரண்டாம் அடுக்கைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் குறையும்.

கேஸை வைத்தே நடக்கும் ஒரு மோசடியையும் சொல்ல வேண்டும். யாரோ தவறுதலாகப் போட்டதுபோல ஒரு வாலட்டின் மீட்புத் தொடர் டெலிகிராமில் வரும். திறந்து பார்த்தால் ட்ரான் என்ற வேறொரு சங்கிலியில் யுஎஸ்டிடி என்ற டாலர் டோக்கன் கொழிக்கும். அனுப்பத் தேவையான டிஆர்எக்ஸ், அதாவது அந்தச் சங்கிலியின் சொந்த நாணயம், மட்டும் இருக்காது. கொஞ்சம் டிஆர்எக்ஸ் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படுபவரின் டிஆர்எக்ஸைத்தான் அவர்கள் எடுப்பார்கள். அந்த வாலட்டிலிருந்து அனுப்பும் அதிகாரம் ஏற்கெனவே வேறொரு சாவியிடம் இருக்கும். ‘உங்கள் பணம் தயார், கேஸ் கட்டணம் மட்டும் செலுத்துங்கள்’ என்று அழைப்பவர்களும் இந்த ரகம்தான். சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-ஐ அழைத்துக் கேளுங்கள்.

தவறான ஒன்றில் கையெழுத்திட்டுவிட்டால்

பெர்மிட் கையெழுத்து, யாராவது அதைச் சங்கிலியில் ஏற்றும்வரை எங்கும் தெரியாது. எத்தர்ஸ்கேனில் தேடினாலும் கிடைக்காது; அனுமதிகளை ரத்துசெய்யும் தளங்களிலும் வராது. ஆகவே ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று காத்திருக்காதீர்கள். கையெழுத்து வாங்கியவர் உங்கள் வாலட்டில் இன்னும் பணம் சேரட்டும் என்று காத்திருக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த டோக்கனை முழுவதுமாக, உடனே, வேறொரு வாலட்டுக்கு மாற்றுவது. இருப்பு இல்லாத கணக்கில் அனுமதியை வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்ய முடியாது. அதன்பின் அந்தப் பழைய முகவரிக்கு மறுபடி பணம் வாங்காதீர்கள். மாற்றியபின் பரிவர்த்தனை விவரங்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு காவல்துறையில் புகார் கொடுங்கள். வங்கிக் கணக்கும் சம்பந்தப்பட்டிருந்தால் முதலில் வங்கிக்கு அழையுங்கள்.

அந்த நேரத்தில் ரிலேயரின் தயவை எதிர்பார்த்து நிற்க முடியாது. நாளெல்லாம் கட்டணமில்லாச் செயலியிலேயே புழங்கினாலும், நீங்கள் பயன்படுத்தும் சங்கிலியில் ஐந்து வெள்ளி பெறுமான ஈதரை வாலட்டில் போட்டு வைத்திருங்கள். பேஸில் என்றால் பல தடவை அனுப்ப அது தாராளம். முதன்மைச் சங்கிலியில் என்றால் இன்னும் சற்றுக் கூட்டி வையுங்கள்.